கொய்யா மரத்து அணில்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.06.2005

அன்புள்ள மகள் குணேஸ்வரிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் ஸ்காபரோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மானத்தில்தான் கொஞ்சம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து கடைக்கு ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தா. "ஐயா, உங்கட இணையக் கடையில 'அப்பா வயிறு ரெண்டு' எண்டு ஒரு சாமான் கிடக்கு. என்ன விலை?" என்று கேட்டா. எனக்கு விளங்கவில்லை. நீ அங்கிருந்து நடத்துகிற இணையக் கடையில் ஏதோ புதுப் பலகாரம் சேர்த்திருக்கிறாய் என்று நினைத்தேன். வந்த ஆளிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது என் வியாபாரம். "அது முடிஞ்சுது தங்கச்சி, அடுத்த கிழமை வரும்" என்றேன். பக்கத்தில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகுதான் அந்தப் பிள்ளை சொன்னா, தனக்குக் கண் தெரியாதாம். கொம்பியூட்டர் அவவுக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லுமாம். படத்துக்குக் கீழே சொல் ஒன்றும் எழுதாவிட்டால், அந்தப் படத்தை என்ன பெயரில் சேமித்து வைத்ததோ அதை வாசிக்குமாம். நான் கேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்துக்கு நீ வைத்த பெயரை இனி உலகம் அறியும். முதலாம் வயிறு எங்கே கிடக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சிரிப்பை விடு. அவவால் ஒன்றும் வாங்க ஏலவில்லை, பிள்ளை. கூடைப் படத்தை அமத்தினால்தான் வாங்கலாமாம். அவவின் மெசின் அந்த இடத்தில் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லுதாம். பெயர் ராசமலர். தாய் கட்டைபறிச்சானில் தனிய இருக்கிறா. மாதம் ஒரு பார்சல் அனுப்ப வேண்டும் என்று கேட்டா. கடைக்கு வந்த ஆளைப் படியில் நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டின மாதிரி இருக்கிறது எனக்கு. அதைத் திருத்து.

இதை ஏன் தபாலில் எழுதுகிறேன் என்றால், இன்ரநெட் கடையில் எனக்குப் பின்னால் நின்று நாலுபேர் வாசிக்கிறார்கள். வயிற்றுக் கதையை அங்கே எழுத ஏலாது.

வயிற்றோடு,
அப்பா


ஸ்காபரோ
09.07.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி? கடிதத்தை வாசித்துவிட்டு உங்கள் மருமகன் சாப்பாட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். மன்னியுங்கோ அப்பா. அவசரத்தில் வைத்த பெயர்.

சிரித்து முடிய எனக்கு வெட்கமாய்ப் போனது. இரண்டு வருடமாய் இந்தக் கடையை நடத்துகிறேன். கண் தெரியாத ஒருவர் வருவார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ராசமலர் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு எனக்குப் பக்கத்தில் இருத்தி, கடை முழுக்க அவவின் மெசினை ஓடவிட்டுக் கேட்டேன். முடிந்துபோன சாமானின் விலையைச் சிவப்பில் போட்டிருக்கிறேன். சிவப்பை அவ எப்படிக் காண்பா? இப்போது கூடைக்குச் சொல் போட்டுவிட்டேன், சிவப்புக்குப் பக்கத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டேன். கை நடுங்குகிற ஒரு வயதானவர் மௌஸ் பிடிக்க ஏலாது என்று எழுதியிருந்தார். அவர் விசைப்பலகையாலேயே வாங்கலாம், அதற்கும் வழி செய்தாயிற்று.

மிச்சம் உங்கள் வேலை. ஒவ்வொரு சாமான் படத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கோ. பார்சலைக் கொடுக்கும்போது நீங்கள் எடுக்கிற ஆளின் படத்துக்கும் எழுத வேண்டும். மற்ற வாடிக்கையாளர் தாய் தகப்பனைப் படத்தில் பார்க்கிறார்கள், ராசமலர் அக்காவுக்கு உங்கள் சொல்தான் படம். கடதாசித் துண்டில் எழுதிப் படத்தோடு ஸ்கான் பண்ணி அனுப்புங்கோ. நான் ஆங்கில எழுத்தில் தமிழாய் அடித்துப் போடுகிறேன்.

ஒரு விதிதான், அப்பா. பார்க்கிறவருக்கு என்ன தெரியுமோ அதை எழுத வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அன்புடன்,
குணேஸ்


திருகோணமலை
21.08.2005

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் அம்மாவைவிட எனக்குத்தான் அதிகம் கேட்கிறது, அவள் சொல்லச் சொல்ல.

எழுத்து வேலை நான் நினைத்ததுபோல் இல்லை. மரக்கறிக் கூடையை எழுதி முடித்தேன். கருவாட்டில் நின்றுவிட்டேன். "சீலாக் கருவாடு, நடுவில் பிளந்தது, உப்புப் பூத்தது" என்று எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "மணம் எங்க?" என்றாள். படத்தில் மணம் இல்லை, விதிப்படி எழுத ஏலாது என்றேன். "அப்ப உங்கட வயிறும் படத்தில இல்லையோ?" என்றாள். இந்த வீட்டில் எழுத்தாளனுக்கு மரியாதை இல்லை.

செவ்வாய்க்கிழமை மூதூருக்கு லோஞ்சுப் படகில் போனேன். இறங்குதுறையில் நேவிக்காரன் பால்மாப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, கமராவைத் திருப்பிப் பார்த்து என்னைப் போக விட்டான். மூதூரிலிருந்து தவராசாவின் ஓட்டோ. அவன் ராசமலரின் தாய் சிவகாமிப்பிள்ளை அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரன். அவன் பெண்சாதிதான் அவவுக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கிறாளாம்.

சிவகாமிப்பிள்ளை அம்மா நல்ல மனுசி. "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றா. அறுபத்தொரு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் இருப்பது சந்தோசம். தேத்தண்ணி ஊற்றித் தந்தா. பாதி கோப்பைக்குள்ளும் பாதி தட்டத்திலும் போனது, கைநடுக்கம் போல. "இங்க பாருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழ நான் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தேன். நல்ல படம்.

துண்டில் எழுதினது இது:

"வீட்டு வாசலில் அம்மா கதிரையில் இருக்கிறா. தோளில் மண்நிறச் சால்வை. மடியில் பார்சல். அந்தப் பக்கம் கொய்யா மரத்தில் ஓர் அணில் ஓடுகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிறா."

எப்படி?

அப்பா


ஸ்காபரோ
25.09.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம், குளிர் மட்டும் வரப்போகிறது. நீங்கள் சுகம்தானே?

ராசமலர் அக்கா உங்கள் துண்டை மெசினில் போட்டுப் போட்டுக் கேட்கிறா. அது தமிழை வெள்ளைக்காரப் பாதிரியார் மாதிரி வாசிக்கிறது. "என்ர அம்மா அணில் பாக்கிறா, குணேஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. சின்ன வயதில் தாயோடு சேர்ந்து அணிலுக்குச் சோறு வைப்பாவாம். மற்றவர்கள் படத்தைப் பார்த்து "அம்மா மெலிஞ்சிட்டா" என்பதோடு முடித்துவிடுவார்கள், தனக்கு அணிலும் கிடைத்தது என்கிறா. அடுத்த மாதமும் அணிலைப் பற்றி எழுதச் சொன்னா.

நானும் அணிலைத் தேடினேன் அப்பா. படத்தில் கொய்யாக் கொப்பின் நுனி மட்டும் தெரிகிறது. அணில் படத்துக்கு வெளியே போலும்.

இன்னொரு விசயம். இங்கே ஒரு கலியாண மண்டபத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் தாய்மாரின் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் சல்லியில், மற்றத் தாய் நிலாவெளியில். இரண்டு பேர் தோளிலும் ஒரே மண்நிறச் சால்வை, ஒரே இடத்தில் ஒரே பொத்தல். போன மாதம் சீனன்குடாவில் ஒரு தாத்தாவும் அதைப் போர்த்திருக்கிறார். என்ன நடக்குது?

குணேஸ்


திருகோணமலை
30.10.2005

அன்புள்ள மகளுக்கு,

சுகம். மழை தொடங்கிவிட்டது. கடைக்குள் இரண்டு இடத்தில் வாளி வைத்திருக்கிறோம்.

சால்வை என்னுடையதுதான். ஒளிக்க என்ன இருக்கிறது. பார்சலோடு பையில் கொண்டுபோவேன். கிழிந்த சட்டையோடு இருக்கிற தாயைப் படம் எடுத்து அனுப்பினால், பிள்ளை அங்கே வேலைக்குப் போகுமா, இருந்து அழுமா? போர்த்துவிட்டால் ஒரு மதிப்பு. நீயும்தான் இங்கிருந்து போகும்போது விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டு நின்றாய், உள்ளே போய் அழுதாய் என்று மருமகன் சொன்னார். பொத்தல் என் சுருட்டு. இனி இரண்டு சால்வை கொண்டுபோகிறேன்.

ராசமலர் பிள்ளை என் எழுத்தை மெச்சினது என்று நீ எழுதினதை அம்மாவுக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்பில் கட்டுரைக்கு எனக்கு முட்டை போட்ட வாத்தியார் இப்போது உயிரோடு இல்லை, அது ஒன்றுதான் குறை.

இந்த மாதமும் போனேன். துண்டில் அணில் கொய்யாப்பிஞ்சைக் கொறிக்கிறது. வாசித்துப் பார்.

ராசமலர் கனடாவிலிருந்து எடுத்தால் தாய் வந்து கதைப்பது மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் பரீதாவின் கொமினிகேசன் கடையில். மழைக்கு அங்கே ஒதுங்கினேன். பரீதா அந்த அம்மாவைப் பற்றி ஒரு கதை சொன்னா. அது பெரிய விசயம் இல்லை, பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முட்டை வாங்கிய எழுத்தாளன்


ஸ்காபரோ
04.12.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் எழுதுங்கோ. பரீதா சொன்ன கதையை நீங்கள் எழுதவில்லை.

இது ராசமலர் அக்கா கேட்கச் சொன்ன விசயம், கவனமாக வாசியுங்கோ. அவவின் கண் போனது, கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற வருத்தத்தால். நோவு இல்லாமல், பக்கப் பார்வையில் தொடங்கி மெல்ல மெல்லப் போகுமாம். முப்பத்தைந்து வயதில் காரை மதிலில் இடித்த அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள், பிந்திவிட்டது. இது குடும்பத்தில் வருகிற வருத்தம், தாய்க்கும் இருக்கலாம், உடனே பார்த்தால் சொட்டு மருந்தாலேயே மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம் என்று போன கிழமை டொக்டர் சொன்னாராம்.

தாயைக் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன்" என்கிறாவாம். இரண்டு மாதமாய்க் காலுக்கு ஏலாது என்று போனுக்கும் வரவில்லை. அக்கா தைமாதம் தானே வந்து திருகோணமலைக் கண் டொக்டரிடம் தாயைக் கூட்டிப்போக பிளேன் ரிக்கற் பார்த்திருக்கிறா. தனியக் கண் தெரியாமல், சண்டை தொடங்கும் போலிருக்கிற இந்த நிலைமைக்குள். பிறகு அவவே சொன்னா: "மரத்தில ஓடுற அணிலைக் காணுறவவுக்குக் கண்ணில என்ன குறை? உங்கட அப்பா ஒருக்கால் பாத்துச் சொன்னால் போதும். ஓம் எண்டால் நான் வேனிலுக்கு வாறன்."

அப்பா, அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? அதற்கு மட்டும் பதில் எழுதினாலும் காணும்.

குணேஸ்


திருகோணமலை
15.01.2006

அன்புள்ள மகளுக்கு,

பொங்கல் பொங்கினோம். பானை இரண்டு பக்கமும் வழிந்தது, நல்லது என்று அம்மா சொல்கிறாள், அடுப்பைத் துடைத்தவன் நான். உங்கள் வீட்டிலும் பொங்கினீர்களா?

இங்கே நிலைமை சரியில்லை. ஆறு மணிக்கே கடையைப் பூட்டுகிறோம். இறங்குதுறையில் இனிக் கமரா கொண்டுபோக ஏலாது. துறைமுகம் படத்தில் விழுந்துவிடுமாம். என் கமராவை ஒரு கிழமை வைத்திருந்து, பிறகு பற்றரி இல்லாமல் தந்தார்கள். அதனால் மூதூர்ப் பக்கத்துப் படங்கள் இனி இல்லை. மற்ற வாடிக்கையாளர் கோபிப்பார்கள். ராசமலருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சொல்லைச் சோதிக்க இன்னும் மெசின் வரவில்லை.

நான் பத்தாம் திகதி போய் வந்தேன். துண்டு இத்துடன். அணில் குஞ்சு போட்டிருக்கிறது, மூன்று.

கண் விசயம்: வயதுக்கு ஏற்ற கண். இந்தக் குழப்பத்துக்குள் அந்தப் பிள்ளை வர வேண்டாம் என்று சொல்லு. மழை விட்டதும் நானே இங்கே கூட்டிவந்து காட்டுகிறேன்.

சீனி விலை ஏறிவிட்டது. இணையத்தில் மாற்றிவிடு.

அப்பா


ஸ்காபரோ
19.02.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். அங்கத்தைய செய்தி கேட்க நித்திரை வருகுதில்லை. இரவில் வெளியே போகாதேங்கோ.

அக்காவிடம் சொன்னேன். ரிக்கற்றைத் தள்ளிப்போட்டுவிட்டா. நிம்மதியாய்ச் சிரித்தா. குஞ்சுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறா.

"வயதுக்கு ஏற்ற கண்" என்றால் என்ன என்று நான் அவவுக்கு விளக்கவில்லை. எனக்கும் தெரியாது. மழை விட்டிருக்கும். கூட்டிவந்தீர்களா?

குணேஸ்


திருகோணமலை
28.05.2006

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் பங்குனியில் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் தேடினேன், அது தானாகவே வந்துவிட்டது. சித்திரையில் சந்தையில் குண்டு வெடித்தது, கடைகள் எரிந்தன. எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை மட்டும்தான் கருகியது. "கமலேஸ்வரி" என்பதில் "கமலே" போய் "ஸ்வரி" மட்டும் மிச்சம். ஈஸ்வரி காப்பாற்றினாள் என்று அம்மா சொல்கிறாள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ போனில் கேட்டுத் தெரிந்ததுதான், ஆனால் எழுதினால்தான் உண்மை மாதிரி இருக்கிறது.

லோஞ்சு ஓடவில்லை. கட்டைபறிச்சான் பக்கம் குண்டு விழுந்து சனம் ஊரைவிட்டு எழும்பிவிட்டது. எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. தவராசாவின் போன் அடிக்கிறது, ஆள் எடுப்பதில்லை. ராசமலர் நாளுக்கு இரண்டுதரம் கடைக்கு எடுக்கிறா. "தேடுறன் பிள்ளை" என்கிறேன்.

உனக்கு மட்டும் ஒன்று எழுதவேண்டும். மழைக்குள் பரீதா சொன்னது இதுதான்: "அண்ணன், அந்த அம்மாக்குக் கண் பத்தாது. ரிசீவரைக் கையில வச்சாத்தான் பிடிக்கிறா. மகளுக்குச் சொல்லாதீங்க எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ."

பொங்கலுக்கு முதல் போனபோது நான் சோதித்தேன். முன்னுக்கு நின்று கையைத் தூக்கி, "அம்மா, இது எத்தினை விரல்?" என்று கேட்டேன். "விரல் எண்ண நான் என்ன பாலர் வகுப்போ?" என்றா. நான் கையைக் கீழே விட்டேன். பிறகு சொன்னா: "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. தெரிஞ்சால் அடுத்த பிளேனில வந்து நிப்பாள். கண் தெரியாதவள் இந்த ஆமிச் சென்றியளுக்குள்ளால என்னெண்டு வருவாள்? எனக்கு எழுபது. அவளுக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு." நான் "இல்லை அம்மா, சொல்லேல்லை" என்றேன். வாக்குக் கொடுத்த பெருமையோடு லோஞ்சில் ஏறி, மடியில் துண்டை வைத்து, அணில் குஞ்சு போட்டது என்று எழுதினேன்.

மாசியில் மழை விட்டது. ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை கூட்டிவருவோம் என்று நினைத்தேன். கூட்டிவந்தால் டொக்டர் சொல்வார், டொக்டர் சொன்னால் ராசமலருக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் நான் எழுதினது என்னவாகும் என்று வரும். அதோடு யோசனையை நிறுத்திவிட்டுச் சாமான் அடுக்கப் போய்விடுவேன். லோஞ்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா


ஸ்காபரோ
02.07.2006

அப்பா,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் கொண்டு திரிந்தேன். உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் எழுத இருந்தேன். பிறகு ஆவணியில் எடுத்த முதற்படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் சிரிப்பு ஒரு பக்கம் போகிறது, கமரா ஒரு பக்கம் இருக்கிறது. அது எனக்கு அன்றைக்கே வித்தியாசமாய்த் தெரிந்தது அப்பா. அணில் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அப்படியே அடித்துப் போட்டேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று உங்களுக்கு விதி எழுதினவள் நான்.

கண் தெரியாதவர் வாங்கக்கூடிய கடை என்று இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் எங்களைப் பற்றி எழுதினார்கள். அந்தத் துண்டை வெட்டி உங்களுக்கு அனுப்ப வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

அக்கா வேலைக்குப் போவதில்லை. பழைய துண்டுகளை மெசினில் போட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறா. நான் பக்கத்தில் இருக்கிறேன், ஒன்றும் சொல்லவில்லை. தாயைக் கண்டுபிடியுங்கோ அப்பா.

ஒன்று கேட்கிறேன். அணில் இருந்ததா?

குணேஸ்


திருகோணமலை
15.10.2006

அன்புள்ள மகளுக்கு,

சிவகாமிப்பிள்ளை அம்மா எங்கள் வீட்டில் இருக்கிறா. போனில் சொன்னதுதான், ஆனால் முழுவதும் சொல்லவில்லை.

புரட்டாதி முடிவில் தவராசா எடுத்தான். கிளிவெட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். கந்தளாய் சுற்றிப் பஸ்ஸில் போனேன். ஒரு நாள் வழியில் போனது, ஒவ்வொரு சோதனைத் தடையிலும் இறங்கி ஏறினால் என் வயிறுகூடக் கொஞ்சம் குறையும். வகுப்பறையில் பாயில் இருந்தா. "ஆர்?" என்றா. "கடைக்காரன்" என்றேன். "தம்பியோ" என்று என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் முதலே பார்த்திருக்கிறேன். ஓடி வரும்போது தன் பாதையெல்லாம் தவராசாவின் மகளின் சட்டை நுனிதான் என்றா. பையில் சால்வை இருந்தது. படம் எடுக்க அல்ல, குளிருக்குப் போர்த்துவிட்டேன்.

இங்கே டொக்டர் பார்த்தார். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் தெரியும், அவ்வளவுதான். "போன வருசம் கொண்டுவந்திருந்தால் சொட்டு மருந்தோட நிப்பாட்டியிருக்கலாம். ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். கூடப்பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டார் போல. "இல்லை ஐயா" என்றேன்.

அம்மா அவவுக்குக் குசினிக்கும் கிணற்றடிக்கும் கயிறு கட்டிவிட்டிருக்கிறாள். இப்போது தேத்தண்ணியைச் சிந்தாமல் ஊற்றுகிறா. கோப்பை விளிம்பில் விரலை வைத்து ஊற்ற ராசமலர் போனில் சொல்லிக்கொடுத்தது. தாயும் மகளும் அதில் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள்.

அதற்கு முதல் வந்த போனைத்தான் எழுத வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராசமலர் எடுத்தா. தாய்க்குக் கண் தெரியாது என்று நான்தான் சொன்னேன். பிறகு, "எப்ப இருந்து, மாமா?" என்று கேட்டா. ஐயா என்றவ அன்றைக்கு மாமா என்றா. "இந்த இடம்பெயர்வுக்குள்ள பிள்ளை, மருந்து ஒண்டும் இல்லாமல்..." என்று தொடங்கினேன். வசனத்தை முடிக்கத் தேவையிருக்கவில்லை. சண்டை என்றால் எல்லோரும் நம்புவார்கள். எங்கள் குற்றம் வைக்க அதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது பார்.

அவ அழவில்லை. "நான் தையில வந்திருக்க வேணும்" என்றா. "என்ர பிழை. உங்கட எழுத்தைக் கேட்டுச் சந்தோசத்தில இருந்திட்டன்" என்றா. என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னா, பிள்ளை. பிறகு கேட்டா: "மாமா, அந்தக் கொய்யா மரம்? அணிலும் மூண்டு குஞ்சும் தப்பியிருக்குமோ?"

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். பக்கத்தில் கதிரையில் இருந்த தாய்க்குக் கேட்டிருக்கிறது. கையை நீட்டி, காற்றில் தடவி, ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினா. "ஓம் பிள்ளை, மூண்டு குஞ்சும் அவையின்ர பாட்டில மரம் மாறிப் போட்டுதுகள். நான் கண்டனான்" என்றா. சொல்லிவிட்டு மற்றக் கையால் என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டினா.

அணில் இருந்ததா என்று நீ கேட்டதற்கு இப்போது பதில். கடையில் ஆள் இல்லை, அம்மா கிணற்றடியில். இதை வாய்விட்டு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

முதல்நாள் அவவைக் கூப்பிட்டு "இங்க பாருங்கோ" என்றேன். பிறகு வெளிச்சத்துக்காகச் சத்தமில்லாமல் தள்ளி நின்றேன். கமராவுக்குள் பார்த்தபோது, நான் முதலில் நின்ற இடத்தைப் பார்த்து அவ சிரித்துக்கொண்டிருந்தா. அமத்தினேன். அந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா